ஒரு தேக்கரண்டி என்றால் எந்தத் தேக்கரண்டி?

இதய நோய்ப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய ஒருவரின் மனைவி, மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். கணவருக்குக் கால்வீக்கம் திரும்பியிருந்தது. இரவில் படுத்தால் மூச்சு வாங்கியது. மறுபடியும் உள்நோயாளியாகச் சேர்த்திருந்தார்கள். மருத்துவர்கள் மருந்துகளைச் சரிபார்த்துவிட்டு, உணவைப் பற்றி விசாரிக்கும்படி அவரை உணவியல் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள்.

‘‘உப்பு எவ்வளவு போடுறீங்கம்மா?’’ என்று கேட்டேன்.

‘‘நீங்க சொன்ன மாதிரியே ஒரு ஸ்பூன்தான் மேடம். அவருக்குன்னு தனியாத்தான் சமைக்கிறேன். காலையில அந்த ஒரு ஸ்பூனை ஒரு கிண்ணத்துல எடுத்து வெச்சிடுவேன். அதுக்கு மேல ஒரு கல்லு கூடப் போடல.’’

அவர் குரலில் கோபம் இருந்தது. கோபப்பட அவருக்கு உரிமையும் இருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்தவர் அவர். அந்தக் கரண்டியை மறுநாள் கொண்டுவரச் சொன்னேன். தேநீர் கலக்கும் கரண்டியைவிடச் சற்றே பெரியது. வீட்டில் எடுப்பது போலவே எடுத்துக் காட்டச் சொன்னபோது, பொடியுப்பைக் குவித்து எடுத்தார். தராசில் வைத்தோம். 11 கிராம். நான் கொடுத்த தாளில் எழுதியிருந்தது 5 கிராம். தாளைக் கொடுக்கும்போது வாய்ச்சொல்லாக ‘ஒரு ஸ்பூன்’ என்று சொன்னவளும் நானே. எந்தக் கரண்டி, தட்டையாகவா குவித்தா, எந்த உப்பு என்று மூன்று வார்த்தைகள் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அந்த அம்மையார் மீண்டும் வந்திருக்க வேண்டியதில்லையோ என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

அந்த எண்ணத்திலிருந்துதான் இக்கட்டுரை எழுதப்படுகிறது. மருத்துவமனை எடையில் பேசுகிறது. வீட்டுச் சமையலறை கொள்ளளவில் பேசுகிறது. கிராம் என்பது எங்கள் மொழி. டம்ளர், கரண்டி, கைப்பிடி என்பன உங்கள் மொழி. இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்கும் பொறுப்பை இதுகாறும் நோயாளியின் தலையிலேயே சுமத்தி வந்திருக்கிறோம். அது சரியன்று என்பது என் கருத்து. அந்தப் பொறுப்பை நாங்கள் ஏற்கும் வரையில், சமையலறையில் ஒரு சிறு தராசு இருப்பது இரத்த அழுத்தமானி இருப்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

உப்பையே முதலில் எடுத்துக்கொள்வோம். வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இது ஆரோக்கியமானவர்களுக்கும் சேர்த்துச் சொன்னது. நோய்க்கேற்ப உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே உங்களுக்குரிய அளவு. ஒரு கிராம் உப்பில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் சோடியம் உண்டு. ஆகவே 5 கிராம் உப்பு 2,000 மில்லிகிராம் சோடியத்தைத் தரும். அந்த அம்மையாரின் கரண்டி அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் தந்தது. சரியான தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர் கொள்வது. அதில் பொடியுப்பை நிரப்பி, கத்தியின் முதுகால் தலைதட்டினால் ஏறத்தாழ 6 கிராம் நிற்கும். அதாவது, தலைதட்டிய ஒரு முழுத் தேக்கரண்டியே வரம்பைச் சற்றுத் தாண்டிவிடுகிறது. ஊறுகாய், அப்பளம், ரொட்டி, பிஸ்கட் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் உப்பு இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை.

கல்லுப்பு வேறு கதை. கற்களுக்கு நடுவே காற்று நிற்பதால், அதே கரண்டியில் கல்லுப்பின் எடை பொடியுப்பைவிடக் குறைவாகவே இருக்கும். பல ஆண்டுகள் கல்லுப்பால் சமைத்துப் பழகிய வீட்டில், மகனோ மருமகளோ அயோடின் கலந்த பொடியுப்பு வாங்கிவந்து அதே கரண்டியால் அதே எண்ணிக்கையில் போட்டால், எவரும் அறியாமலேயே உப்பு கூடிவிடும். நாக்கு முதல் இரண்டு நாள் முறையிடும், பிறகு பழகிக்கொள்ளும். இதயமும் சிறுநீரகமும் அப்படிப் பழகிக்கொள்வதில்லை.

‘ஒரு கப் எத்தனை கிராம்?’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில், ‘எதில் ஒரு கப்?’ என்பதே. எடைக்கும் கொள்ளளவுக்கும் இடையிலான கணக்கு பாத்திரத்தைப் பொறுத்தது மட்டுமன்று, பொருளையும் பொறுத்தது. 200 மில்லி பிடிக்கும் ஒரு டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் 200 கிராம். சமையல் எண்ணெய் ஊற்றினால் 184 கிராம் அளவில் நிற்கும். பச்சரிசி 165 கிராம் அளவிலும் சர்க்கரை 170 கிராம் அளவிலும் இருக்கும். தேன் 280 கிராம் வரை போகும். கோதுமை மாவோ சலித்துத் தளர்வாக நிரப்பினால் 100 கிராம். டப்பாவுக்குள் டம்ளரை அழுத்தி வாரினால் 125 கிராம் அல்லது அதற்கும் மேல். ஒரே டம்ளர், ஒரே மாவு, அள்ளும் விதம் மட்டுமே வேறு. வேறுபாடு ஏறத்தாழ ஒரு சப்பாத்திக்கான மாவு. நாளும் இரு வேளை சப்பாத்தி உண்ணும் நீரிழிவு நோயாளிக்கு இது சிறிய செய்தியன்று.

இந்த வேறுபாட்டை நேரில் காண விரும்புவோர் எண்ணெய்ப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கலாம். ஒரு லிட்டர் என்று அச்சிட்டதன் அருகிலேயே 910 கிராம் என்றும் அச்சிட்டிருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது என்பதற்கு உங்கள் அலமாரியிலேயே சான்று இருக்கிறது.

இனி, பாத்திரத்தின் குழப்பம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பெற்றோரின் நலம் கருதிக் கைப்பேசியில் உணவுப் பட்டியல்களை அனுப்புகிறார்கள். அன்போடு அனுப்புகிறார்கள், ஆனால் அமெரிக்காவின் கப் ஏறத்தாழ 240 மில்லி, ஆஸ்திரேலியாவின் கப் 250 மில்லி, ஜப்பானின் கப் 200 மில்லி. மேசைக்கரண்டி பெரும்பாலான நாடுகளில் 15 மில்லி. ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. மின்சார அரிசிக் குக்கருடன் வரும் சிறு கப்பு 180 மில்லிதான். ஜப்பானியரின் பழைய அரிசி அளவையிலிருந்து வந்தது அது. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களுக்கோ எந்த நாட்டுச் சட்டமும் இல்லை. காபி டம்ளர் 120 மில்லியும் இருக்கலாம். கல்யாணச் சீராக வந்த தண்ணீர் டம்ளர் 350 மில்லியும் இருக்கலாம்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். தானியத்தை அளப்பதற்கென்று ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, மரக்கால், கலம் என்று அடுக்கடுக்காக முகத்தலளவைகள் வைத்திருந்தார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால் என்பது வாய்பாடு. புளியும் வெல்லமும் பலத்திலும் வீசையிலும் நிறுக்கப்பட்டன. எதை அளக்க வேண்டும், எதை நிறுக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது. எனினும் படி ஊருக்கு ஊர் மாறுபட்டது. அதனால்தான் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் நெல்லைக் குறிக்கும்போது வெறுமனே மரக்கால் என்று விடாமல், ‘ஆடவல்லான்’ என்னும் மரக்கால் என்று பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். எந்த அளவை என்று சொல்லாத அளவு அளவே ஆகாது என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்கெழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்களோ இன்றும் உணவுத் தாளில் ‘சோறு 1 கப்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறோம்.

அந்த ‘1 கப்’ என்ன செய்யும் என்பதைப் பாருங்கள். தாளை எழுதியவர் மனத்தில் இருப்பது 240 மில்லி கப்பில் வெந்த சோறு. எடை 150 கிராம் அளவு, மாவுச்சத்து ஏறத்தாழ 42 கிராம். வீட்டிலிருப்பவர் அதைக் குக்கர் கப்பால் ஒரு கப் அரிசி என்று புரிந்துகொள்கிறார். அந்த அரிசியின் எடையும் அதே 150 கிராம் அளவுதான். ஆனால் அது வேகாத அரிசி. அதிலுள்ள மாவுச்சத்து 115 கிராமைத் தாண்டும். இரண்டும் ‘ஒரு கப்’. இரண்டும் 150 கிராம். ஒன்று மற்றொன்றைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

இதற்கு எதிர்த்திசையில் நேரும் தவறு இன்னும் அச்சம் தருவது. தாளில் ‘அரிசி 75 கிராம்’ என்று எழுதியிருக்கும். எடுத்துச் சமைக்க வேண்டிய அரிசியின் எடை அது. வெந்தபின் அது நீரை ஏற்று 190 முதல் 225 கிராம் சோறாகும். புதிதாகத் தராசு வாங்கிய ஒருவர், மிகுந்த அக்கறையோடு, வெந்த சோற்றை 75 கிராம் நிறுத்துத் தட்டில் வைக்கிறார். உண்பவர் உட்கொள்வது சொன்ன அளவில் மூன்றில் ஒரு பங்கு. இன்சுலினோ முழு உணவுக்கும் கணக்கிட்டுப் போட்டது. அன்று மாலை வியர்வை, நடுக்கம், தலைசுற்றல். எடை சரி, தராசு சரி, அக்கறையும் சரி. ‘வேகாதது’ என்ற ஒரு சொல் தாளில் இல்லை. தராசு வாங்கினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் மூத்த தாய்மார்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘‘நாப்பது வருஷமா கையாலதான் போடுறேன். என் கைக்குத் தெரியாததா அந்தத் தராசுக்குத் தெரியும்?’’ இதை நான் எள்ளி நகைப்பதில்லை. கைப்பக்குவம் என்பது மெய்யானது. ஒரே சமையலறையில் ஒரே ஜாடியிலிருந்து ஒரே கை நாற்பது ஆண்டுகள் எடுத்த உப்பு, நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை. ஆனால் நோய் வந்த வீட்டில் பெரும்பாலும் முதலில் மாறுவது அந்தக் கைதான். சமைத்துக்கொண்டிருந்தவரே நோயாளியாகிப் படுத்திருப்பார். இதுவரை அடுப்பைப் பற்றவைத்தே அறியாத கணவர் கரண்டியை எடுத்திருப்பார். அல்லது மகள் ஒரு வாரமும் மருமகள் ஒரு வாரமுமாக வந்து சமைத்துப் போவார்கள். அல்லது சம்பளத்துக்கு ஓர் ஆள் அமர்த்தியிருப்பார்கள். ஒரு கையின் பழக்கத்தை இன்னொரு கைக்குச் சொல்லிக்கொடுப்பது எளிதன்று. ஓர் எண்ணைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். மேலும், கை அறிந்து வைத்திருப்பது குடும்பத்தின் நாக்குக்குப் பொருந்திய அளவை. இப்போது வேண்டியிருப்பது வேறோர் அளவு. அனுபவமுள்ள கையே தராசின் முன் இரண்டு நாள் அமர்ந்தால் புதிய அளவையும் விரைவில் கற்றுக்கொள்ளும்.

இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவுக்கு வருவோருக்கு எடையையும் கொள்ளளவையும் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியது அதிகம் இல்லை. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் உடல் எடை இரண்டு கிலோ கூடியிருந்தால், அது சதையன்று. பெரும்பாலும் வெளியேறாமல் தங்கிய ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர். எடை பார்க்கும் இயந்திரத்தில் உங்களை ஏறச் சொல்வது அந்த நீரை அளப்பதற்காகத்தான். ஆனால் வீட்டில் ‘மூன்று டம்ளர்தான் குடித்தேன்’ என்னும்போது, எந்த டம்ளர் என்ற கேள்வி இங்கும் எழுகிறது. மோர், ரசம், கஞ்சி, காபி, பனிக்கட்டி எல்லாமே நீர்க்கணக்கில் சேரும். உங்களுக்கு அனுமதித்த அளவுத் தண்ணீரைக் காலையிலேயே ஒரு புட்டியில் ஊற்றி வையுங்கள். எதைக் குடித்தாலும் அதே டம்ளரால் அதே அளவைப் புட்டியிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அந்த நீரைக் குடும்பத்தில் வேறொருவர் குடிக்கட்டும். புட்டியில் மிஞ்சியிருப்பதுதான் அன்றைக்கு உங்களுக்கு மிஞ்சியிருப்பது. கணக்கே தேவையில்லை.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும்போது கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தில் 20.5 கிராம் தூள் இருக்கும்; அதை ஒரு லிட்டர் நீரில் முழுவதும் கரைக்க வேண்டும். 200 மில்லிக்குரிய சிறு பொட்டலங்களும் கடையில் கிடைக்கின்றன. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்தால், வேண்டியதைப்போல் ஐந்து மடங்கு உப்பு குழந்தைக்குப் போகும், அது ஆபத்து. உறையின் மீது அச்சிட்டிருக்கும் நீரின் அளவைப் படித்த பிறகே கத்தரிக்கோலை எடுங்கள். பாலுணவுத் தூள் டப்பாவுக்குள் இருக்கும் கரண்டியும் அப்படியே. அது அந்த டப்பாவுக்கு மட்டுமே உரியது. வேறு டப்பாவின் தூளை அதனால் அளக்கக் கூடாது. மருந்தைச் சமையலறைக் கரண்டியால் கொடுப்பதும் கூடாது.

இவ்வளவு சொன்னபின், எல்லாவற்றையும் நிறுக்கச் சொல்கிறேன் என்று அஞ்ச வேண்டாம். கறிவேப்பிலை, கொத்தமல்லி, சீரகம், மிளகு ஆகியவற்றை வழக்கம்போல் போடுங்கள். பெரும்பாலோருக்குக் கீரையும் காயும்கூட நிறுவைக்கு வர வேண்டியதில்லை. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தும்படி சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் மட்டும் விலக்கு. நிறுக்க வேண்டியவை உப்பு, அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய் ஆகிய ஐந்தே. அவற்றையும் வாழ்நாள் முழுவதும் நிறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒருமுறை உங்கள் வீட்டுப் பாத்திரத்தை நிறுத்தறிந்தால் போதும்.

அது எப்படி என்றால், நாள்தோறும் புழங்கும் டம்ளர் ஒன்றையும் கரண்டி ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். இனி நோயாளியின் சமையலுக்கு அவையே அளவை, வேறெதுவும் வேண்டாம். காலி டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் டம்ளரின் மில்லிலிட்டர். பிறகு டம்ளரை ஈரமறத் துடைத்து, அரிசி, மாவு, பருப்பு என ஒவ்வொன்றாக நிரப்பித் தலைதட்டி நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி உப்பு இரண்டு மூன்று கிராம் தராசுகளில் துல்லியமாகத் தெரியாது. பத்துக் கரண்டி போட்டு நிறுத்துப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். எழுதிய தாளை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால், சமைக்க யார் வந்தாலும் அதுவே வழிகாட்டும்.

தராசு வாங்க இயலாதவர்களுக்கும் வழி உண்டு. ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தைப் பிரித்து, உங்கள் டம்ளரால் தலைதட்டி எத்தனை டம்ளர் வருகிறது என்று எண்ணுங்கள். ஆறு டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் 165 கிராம் அளவு. அரைக் கிலோ பருப்பையும் அப்படியே எண்ணலாம். உப்புக்கு, மருந்துப் புட்டியோடு வரும் அளவு மூடியில் 5 மில்லி கோடு இருக்கும். காலியான புட்டியின் மூடியை நன்றாகக் கழுவி உலர்த்தி உப்புக்கென்று வைத்துக்கொள்ளலாம். அதில் பாதி பொடியுப்பு ஏறத்தாழ 3 கிராம்.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதை மறைக்க விரும்பவில்லை. உணவுத் தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே கிராமும் இருக்க வேண்டும், மில்லிலிட்டரும் இருக்க வேண்டும். வேகாததா வெந்ததா, தலைதட்டியா குவித்தா என்பதும் இருக்க வேண்டும். உப்பு என்று எழுதும் இடத்தில் பொடியா கல்லா என்று குறிக்க வேண்டும். அளவு ஒருவருக்கா, வீட்டிலுள்ள எல்லோருக்குமான குழம்புக்கா என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. நான்கு பேர் உண்ணும் குழம்புக்கு ‘5 கிராம்’ என்று எடுத்துக்கொண்டு, உணவு வாயில் வைக்க முடியவில்லை என்று நோயாளி பட்டினி கிடந்ததும் உண்டு. வீட்டுக்கு அனுப்பும் நாளில் தாளை நீட்டுவதோடு நில்லாமல், உடனிருப்பவர் கையாலேயே ஒருமுறை அரிசியையும் உப்பையும் அளக்கச் செய்து பார்க்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். வெளியே வரிசை நீண்டிருக்கிறது என்று எங்களில் சிலர் சொல்லக்கூடும். மீண்டும் சேர்க்கப்பட்ட ஒருவருக்காக நாங்கள் செலவிடும் நேரம் அதைவிட எத்தனையோ மடங்கு.

அந்த அம்மையார் கணவரோடு வீடு திரும்பிய நாளில், தம் கரண்டியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். ‘‘இதுலயே எவ்வளவு எடுத்தா சரின்னு கோடு போட்டுக் குடுங்க மேடம். புது ஸ்பூன் வாங்கினா அது எங்கயாவது தொலஞ்சி போயிடும்’’ என்றார். கரண்டியில் கோடு போட முடியாது. தலைதட்டி, முக்கால் கரண்டிக்குச் சற்றுக் குறைவாக எடுத்து நிறுத்துக் காட்டினேன், 5 கிராம். கைப்பேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது நீங்களும் உங்கள் கரண்டியையும் டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். உணவியல் பிரிவில் தராசு இருக்கிறது.